கோட்டை விழல, கோட்டை விட்டாங்க!

நீளமான இழை. பொறுமை இருக்கிறவங்க மட்டும் படிங்க. இது மருத்துவப் பதிவு இல்லை. ஆனா நடுவுல கொஞ்சம் மருத்துவமும் வரும், நான் எழுதினா வராம இருக்காது.

போன வாரம் நைட் டூட்டி. மணி மூணு இருக்கும். கேஷுவால்ட்டி கொஞ்சம் ஓய்ந்த நேரம். எங்க ஹவுஸ் சர்ஜன் தம்பி மொபைலில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தில் வரும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சண்டையைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

"சார், இந்த தியோடன் ராஜா சுத்த வேஸ்ட் சார். கையில குதிரைப்படை இருக்கு. வெளியில நின்னு அடிக்காம போய் ஒரு பொந்துக்குள்ள உட்கார்ந்துக்கிட்டான். ஃபேன்டசி கதையில எந்தக் கோட்டை சார் கடைசி வரை நின்னிருக்கு? எல்லாம் விழுது. அப்புறம் எதுக்குக் கட்டுறாங்க?"

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். படம் பார்த்த பாதிப் பேர் இதைத்தான் சொல்றாங்க. 'எல்லைக் கோட்டை என்பது பழைய காலத்து முட்டாள்தனம், சுத்திப் போனா முடிஞ்சது' என்று அடித்துச் சொல்லும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆதாரமா ரெண்டு காட்டுவாங்க. ஒண்ணு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'ல டிராகன் ஊதினதும் இடிஞ்சு விழுந்த பனிச்சுவர். இன்னொண்ணு ஃபிரான்சின் மாஜினோ அரண்.

இந்தக் கருத்து தவறு. முழுக்கத் தவறு. ஏன் என்று கதைகளுக்குள்ளேயே நின்று சொல்கிறேன்.

முதல்ல ஹெல்ம்ஸ் டீப்.

படத்தில் காண்டால்ஃப் என்ன சொல்றார்? தியோடன் பொறிக்குள்ள நடந்து போறான், அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே வர வழி இல்லை என்கிறார். படம் பார்த்தவங்க மனசுல அது பதிஞ்சு போச்சு. ஞானியே சொல்லிட்டார், அப்ப கோட்டை முட்டாள்தனம்தானே?

டோல்கீன் எழுதின புத்தகத்தை எடுத்துப் படிங்க. அப்படியே தலைகீழ். தியோடன் ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைவீரர்களோடு ஐசன் ஆற்றுத் துறையை நோக்கித்தான், அதாவது திறந்தவெளிச் சண்டைக்குத்தான் போய்க்கிட்டு இருக்கார். வழியில் அவரை நிறுத்தி, ஆற்றுத் துறைக்குப் போகாதே, சமவெளியில் நிற்காதே, ஹெல்ம்ஸ் டீப்புக்குப் போ என்று சொல்வதே காண்டால்ஃப்தான். சொல்லிட்டு அவர் எங்கேயோ வேகமாகப் போறார். எங்கே என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கு.

ஐசன் ஆற்றங்கரையில் ரோஹன் படை ஏற்கனவே உடைஞ்சு சிதறிப் போயிருக்கு. தளபதி எர்கன்பிராண்ட் எங்கே என்றே தெரியலை. சிதறிய ஆட்களைத் தேடிப் பிடிச்சு, ஒன்று சேர்த்து, திரும்பக் கூட்டிட்டு வரணும். அதுக்கு நேரம் வேணும். அந்த ஒரு ராத்திரியைத்தான் கோட்டை வாங்கிக் கொடுத்தது. விடியும்போது காண்டால்ஃப், எர்கன்பிராண்டோடும் ஆயிரம் காலாட்படையோடும் வந்து நிற்கிறார். சாருமானின் பத்தாயிரம் பேர் கொண்ட படை அங்கேயே முடிஞ்சுது.

சுவர் உடைஞ்சதா? உடைஞ்சுது. அதனால் கோட்டை தோத்துச்சா? இல்லையே! விடியற வரைக்கும் தாங்க வேண்டியதுதான் அதோட வேலை. தாங்கிருச்சு.

இன்னொரு விஷயம், படத்தில் சரியா வராதது. புத்தகத்தில் கோட்டைக்குப் பின்னால் இருக்கும் குகைகளில் அந்த மேற்கு நாட்டு மக்களில் பெரும்பகுதியும், ஏராளமான தானியமும், ஆடு மாடும், அதுக்குத் தீவனமும் முன்கூட்டியே சேர்த்து வெச்சிருக்காங்க. எதிரி வர்ற வழியெல்லாம் வைக்கோல் போரையும் வீட்டையும் கொளுத்திக்கிட்டே வர்றான். வெளியே நின்று சண்டை போட்டிருந்தால் மனுஷனும் போயிருப்பான், அடுத்த வருஷத்துச் சோறும் போயிருக்கும்.

நம்ம வள்ளுவர் 'அரண்' என்று ஒரு அதிகாரமே எழுதி வெச்சிருக்கார். பிடிக்கக் கடினமா இருக்கணும், உள்ளே உணவு இருப்பு இருக்கணும், உள்ளே இருக்கிறவன் நின்று தாங்கச் சுலபமா இருக்கணும் என்று மூணையும் ஒரே குறளில் சொல்லிட்டார். சும்மா பெருமைக்குச் சொல்லலை. டோல்கீன் ஹெல்ம்ஸ் டீப்பில் காட்டுவது வரிசையா இந்த மூணும்தான்.

(சுவர் எப்படி உடைஞ்சுது? அடியில ஓடின நீர்க்கால்வாய் வழியா எதிரி உள்ளே பூந்தான். வார்டில் வேலை செய்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. தோல் முழுசும் நல்லாத்தான் இருக்கும், கதீட்டர் போட்ட குழாய் வழியாத்தான் கிருமி ஏறும்.)

சரி, 'சுத்திப் போனா முடிஞ்சது' என்ற வாதத்துக்கு வருவோம்.

சுத்திப் போகலாம். யார் வேணாலும் போகலாம். ஆனா பத்தாயிரம் பேருக்குத் தினமும் சோறு வேணும். அந்தச் சோறு பின்னாடி வண்டியில வரணும். நீங்க தாண்டிப் போன கோட்டைக்குள்ளே ஐநூறு பேர் உயிரோட இருந்தா, அந்த வண்டி வந்து சேராது. அப்ப என்ன செய்யணும்? கோட்டையைப் பார்த்துக்க ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் பேரை விட்டுட்டுப் போகணும். மூணு கோட்டையைத் தாண்டினால் படையில் பாதி பின்னாடி காவலுக்கு நின்னுக்கிட்டு இருக்கும். ஆற்றுப் பாலத்திலோ மலைக்கணவாயிலோ சதுப்புநிலப் பாதையிலோ கோட்டை இருந்தால் அதுவும் முடியாது. வேற வழியே இல்லை.

இதை ஜார்ஜ் மார்ட்டின் மாதிரி புரிஞ்சு எழுதினவர் குறைவு. மோட் கேலின் என்று ஒரு இடம். வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் சதுப்புநிலம், அதில் படை நடந்து போக ஒரே ஒரு மேட்டுப்பாதை. பாதையின் மேல் ஒரு காலத்தில் இருபது கோபுரம் இருந்த கோட்டை. கதை நடக்கும்போது மூணுதான் நிக்குது. அதுவும் பாசி பிடிச்சு, சாஞ்சு. அந்த நிலையிலும் தெற்கிலிருந்து வரும் படைக்கு அது எமன்.

ராப் ஸ்டார்க் பெரும்படையோட தெற்கே போறான். போன சண்டையெல்லாம் ஜெயிக்கிறான். ஒண்ணுகூடத் தோக்கலை! ஆனா பின்னாடி இரும்புத்தீவுக்காரங்க ஆற்று வழியா வந்து மோட் கேலினைப் பிடிச்சுட்டாங்க. அவ்வளவுதான். ஜெயிச்ச ராஜாவுக்கு வீட்டுக்குப் போக வழி இல்லை. அதைத் திரும்பப் பிடிக்கணும்னா ஃபிரே குடும்பத்தின் ஆட்கள் வேணும், அவங்க பாலக்கோட்டையைத் தாண்டணும். அதுக்காகத்தான் அந்தக் கல்யாண விருந்துக்குப் போனான். விருந்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ரெட் வெட்டிங்கைப் பார்த்து அழுதவங்க எல்லாரும் துரோகத்தைப் பத்திப் பேசுறாங்க. அந்த மூணு சாய்ஞ்ச கோபுரத்தைப் பத்தி யாரும் பேசுறதில்லை.

இப்ப அந்தப் பனிச்சுவர்.

நீளம் முந்நூறு மைல். உயரம் எழுநூறு அடி. டிவி தொடரில் 2017-ல் டிராகன் வந்து ஊதினதும் ஒரு பகுதி விழுந்துச்சு. 'பாத்தியா, இதான் உன் கோட்டை' என்கிறார்கள்.

ஐயா, அந்தச் சுவர் டிராகன் வருவதற்கு ரொம்ப காலம் முன்னாடியே செத்துப் போச்சு. சுவரோரம் 19 கோட்டைகள். கதை தொடங்கும்போது ஆள் இருப்பது மூணில். மொத்தக் காவலர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. காசில் பிளாக்கில் அறுநூறு பேர், மத்த ரெண்டிலும் சேர்த்து மிச்சம். அதிலும் பாதிப் பேர் திருடனும், வீட்டில் தொல்லைன்னு தள்ளிவிட்ட பசங்களும், கிழவர்களும். முந்நூறு மைலுக்கு ஆயிரம் பேர்! கணக்குப் போட்டுப் பாருங்க, மைலுக்கு மூணு பேர் கொஞ்சம் மேல. ஷிஃப்ட் பிரிச்சா ஒரு ஆள்.

தளபதி மார்மான்ட் ராஜாவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதுறார். ஆள் அனுப்புங்க, ஆள் அனுப்புங்க என்று. தலைநகரில் அதைப் படிச்சுச் சிரிக்கிறாங்க. எட்டாயிரம் வருஷமா ஒண்ணும் வரலையே, இப்ப என்ன வரப் போகுது?

இதுதான் எல்லைக் கோட்டையின் சாபம். அது நல்லா வேலை செஞ்சா, எதுவும் நடக்காது. எதுவும் நடக்கலைன்னா, அது தேவையில்லாத செலவு மாதிரி தெரியும்.

இங்க கொஞ்சம் சொந்தக் கதை.

எம்.பி.பி.எஸ் முடிச்சு அரசுப் பணியில் சேர்ந்த புதுசு. மலையடிவாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். ராத்திரி பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ஒரு பிரசவம், ரெண்டு காய்ச்சல், ஒரு குடிபோதை அடிதடி.

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அக்காவைத் தூக்கிட்டு வந்தாங்க. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவங்க. வயிறு வலிக்குதுன்னு எழுந்தாங்களாம். கடிச்ச தடம்கூடச் சரியா இல்லை. கண் இமை ரெண்டும் மூடி மூடிப் போகுது. பேச்சு குழறுது. கட்டுவிரியன். பாம்பு மருந்து பத்து வயல் இருந்துச்சு, ஏத்தினோம். நியோஸ்டிக்மின் போட்டோம். மூச்சு குறைய ஆரம்பிச்சுது. எங்ககிட்ட வென்டிலேட்டர் கிடையாது. 108-ல் ஏத்தி, நானும் ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டரும் மாத்தி மாத்தி ஆம்பு பேக் அமுக்கிக்கிட்டே அந்த ஒன்றரை மணி நேரத்தையும் கடந்தோம். கை மரத்துப் போச்சு.

அந்த அக்காவைக் காப்பாத்துனது நாங்க இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் ஐசியூதான். நாங்க செஞ்சது ஒன்றரை மணி நேரம் தாங்கினது.

அடுத்த மாசம் ரிவ்யூ மீட்டிங்கில் ஒரு பெரியவர் கேட்டார். "ராத்திரி மாசத்துக்கு எத்தனை எமர்ஜென்சி வருது? இதுக்கு எதுக்கு ஒரு டாக்டர்?" எனக்கு மார்மான்ட்தான் ஞாபகம் வந்தார். பதில் சொல்லலை. புதுசா சேர்ந்தவன், வாயைத் திறக்க முடியுமா?

சரி, கதைக்கு வருவோம். இந்த விஷயத்தில் டோல்கீனை விட வலிக்கிற மாதிரி எழுதினவர் இல்லை. அதுவும் கதைக்குள் இல்லை. புத்தகத்தின் பின்னிணைப்பில், யாரும் படிக்காத பக்கத்தில்.

சாரோனை ஒரு முறை தோற்கடிச்ச பிறகு, கோண்டோர் நாட்டுக்காரங்க மோர்டோரின் எல்லையைச் சுத்திக் கோட்டைகள் கட்டினாங்க. கறுப்பு வாசலுக்கு ரெண்டு பக்கமும் கோபுரம். மலைக்கணவாயில் சிரித் உங்கோல் கோபுரம். ஃப்ரோடோவை அடைச்சு வெச்சிருப்பாங்களே, அதேதான். அந்தக் கோபுரத்துக்குக் கீழே சாம் நின்று பார்க்கும்போது ஒரு உண்மை அவனுக்குப் புரியுது. இது எதிரியை மோர்டோருக்குள் வராம தடுக்கக் கட்டினது இல்லை. மோர்டோரிலிருந்து எதுவும் வெளியே போகாமல் இருக்க, நல்லவங்க கட்டினது.

அப்புறம் எப்படி அது எதிரி கைக்குப் போச்சு? முற்றுகை போட்டாங்களா? சுவரை உடைச்சாங்களா?

ஒண்ணுமில்லை. மூன்றாம் யுகம் 1636-ல் பெரிய கொள்ளைநோய் வந்துச்சு. அரசன் டெலம்னாரும் அவன் பிள்ளைகள் அத்தனை பேரும் செத்துப் போனாங்க. ஜனத்தொகை சரிஞ்சுது. எல்லைக் காவலுக்கு அனுப்ப ஆள் இல்லை. கோட்டைகள் காலியாச்சு. நோய் போனது. ஆனா காவல் திரும்பலை. முந்நூறு வருஷத்துக்கும் மேல யாரும் அங்கே போய்க் கண்காணிக்கலை. 2000-ல் நாஸ்கூல்கள் அந்தக் கணவாய் வழியா வெளியே வந்து மினாஸ் இதில் நகரத்தை முற்றுகை போட்டு, ரெண்டே வருஷத்தில் பிடிச்சுட்டாங்க. கோண்டோர் கட்டின கோபுரத்திலிருந்தே கோண்டோரை வேவு பார்த்தாங்க.

கோட்டை விழல. கோட்டை விட்டாங்க.

கோவிட் காலத்தில் பிபிஇ கிட்டுக்குள்ள வேர்த்து ஊத்திக்கிட்டு நின்ன எவருக்கும் இந்தப் பத்தி சும்மா கதையாத் தெரியாது. ஒரு கொள்ளைநோய் வரும்போது மத்த எல்லாக் காவலும் தளரும். தடுப்பூசி தள்ளிப் போகும், காசநோயாளி மாத்திரை வாங்க வரமாட்டார். நோய் போன பிறகு அந்த இடங்களுக்குத் திரும்பப் போறோமா என்பதுதான் கேள்வி. கோண்டோர் போகலை.

இப்ப கடைசியா டெனதோர். இவரைத் திட்டாதவங்க இல்லை. நானும் திட்டுவேன், ஆனா வேற காரணத்துக்கு.

2003-ல் வந்த மூன்றாம் பாகத்தில், எதிரி ஏற்கனவே பிடிச்சுட்ட ஒஸ்கிலியாத்தைத் திரும்பப் பிடிக்கச் சொல்லி மகன் ஃபாரமிரைச் சில குதிரைவீரர்களோட அனுப்புறார். அவங்க நேரா அம்புக்குள்ள ஓடுறாங்க. பார்க்க உருக்கமா இருக்கும், ராணுவ அறிவுக்குச் சம்பந்தமே இல்லை. புத்தகத்தில் ஒஸ்கிலியாத் அப்ப இன்னும் கோண்டோர் கையில்தான் இருக்கு. ஆற்றைச் சண்டை போடாமல் விட்டுத்தர முடியாது என்கிறார் டெனதோர். ஃபாரமிர் மார்ச் 11 கிளம்புறான். 12-ல் ஆற்றை விட்டுப் பின்வாங்கி, நகரத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் இருக்கும் காஸ்வே கோட்டைகளில் நிற்கிறான். 13-ல் அதுவும் போகுது, அடிபட்ட அவனைத் தூக்கிட்டு வர்றாங்க. 14-ல் நகரம் முற்றுகையில். 15 விடியற்காலை பெரிய வாசல் உடையுது.

வாசல் உடைஞ்ச அதே நேரத்தில் ரோஹன் குதிரைப்படையின் கொம்பு சத்தம் கேக்குது.

அதே நேரத்தில்! ஒரு நாள் முன்னாடி வாசல் உடைஞ்சிருந்தால் தியோடன் வந்து பார்த்திருப்பது சாம்பலைத்தான். அந்த ஒரு நாளை யார் கொடுத்தது? ஆற்றங்கரை இடிபாட்டிலும் அந்தச் சின்னக் கோட்டையிலும் நின்ன ஆட்கள். டெனதோரின் தப்பு அங்கே படையை நிறுத்தினது இல்லை. நகரத்தைச் சுத்தின வெளிச்சுவரை யுத்தம் வாசலுக்கு வந்த பிறகு பூசிக்கிட்டு இருந்ததுதான். காண்டால்ஃபே வந்ததும் அதைப் பார்த்து, ரொம்ப தாமதம் என்கிறார்.

மாஜினோ அரணைக் காட்டுறவங்களுக்கும் இதே பதில். 1940 மே மாதம் ஜெர்மன்காரன் அந்த அரணோட பிரதானப் பகுதியை நேரா முட்டி உடைக்கலை. அதைத் தவிர்த்துட்டு பெல்ஜியம், ஆர்டென் காடு வழியா வந்தான். எதிரியை வேற பாதைக்குத் தள்ளுவதுதான் அரணோட வேலை, அது நடந்துச்சு. அந்தப் பாதையில் வந்தவனை அடிக்க ஃபிரான்ஸ்கிட்ட கையிருப்புப் படை இல்லை. சர்ச்சில் பாரிசுக்கே போய் ரிசர்வ் படை எங்கே என்று கேட்டப்ப, தளபதி கமெலின் இல்லை என்றார். கோட்டை நேரம் வாங்கிக் கொடுக்கும். அந்த நேரத்தில் வந்து சேர யாராவது இருக்கணும். எர்கன்பிராண்ட் இல்லாத ஹெல்ம்ஸ் டீப்தான் அது.

கமெண்டில் ஒருத்தர் கண்டிப்பா கேப்பார், 'அப்ப 2019-ல் வின்டர்ஃபெல் சண்டை?' என்று. கோட்டை இருந்தும், கல்லெறி இயந்திரங்களைக் காலாட்படைக்கு முன்னாடி நிறுத்தி, குதிரைப்படையை இருட்டுக்குள்ள அனுப்பி, மிச்சப் பேரையும் சுவருக்கு வெளியே நிக்க வெச்சாங்களே, அதை நான் கோட்டைப் போர்க் கணக்கில் சேர்க்கறதில்லை. செயல்திறன் இல்லாதவன் கையில் எவ்வளவு சிறந்த அரணும் அரணே இல்லை என்று அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் அவங்களையும் கவனிச்சுட்டார்.

இதையெல்லாம் அன்னைக்கு ராத்திரி அந்தத் தம்பிகிட்ட பாதிதான் சொன்னேன். அதுக்குள்ள ஒரு நெஞ்சுவலி கேஸ் வந்துருச்சு. ஒரு சுகாதார நிலையத்திலிருந்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் கொடுத்து, ஈசிஜி எடுத்து, நேரம் குறிச்சு அனுப்பியிருந்தாங்க. சீட்டில் கையெழுத்து யாருதுன்னு படிக்க முடியலை. தம்பி அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மோட் கேலின்ல ஆள் இருக்கு சார்" என்றார்.

கழுகுகளே ஃப்ரோடோவைத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே என்று கேக்கப் போறவங்களுக்கு: இன்னொரு நாள் எழுதறேன். இப்ப டூட்டிக்குக் கிளம்பணும்.